இரண்டு வாரம் முந்திக் கொடுத்த மனு: டெட்ராய்ட் மேயர் தேர்தல் 2013, ஒரு நிகழ்வு ஆய்வு

கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு நகரத்துக்கு மேயராக வருகிறேன் என்று ஒருவர் கிளம்பினார். கிளம்பிய வேகத்தில் தன் பெயரே வாக்குச்சீட்டில் இல்லாமல் போகும்படி ஒரு தவறு செய்தார், அதே தேர்தலில் முதலிடமும் பிடித்தார். பிரசார வேலையில் இருப்பவர்கள் இதை ஒரு முறையாவது முழுதாகப் படிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். நகரத்தின் பெயர், தேதி, எண்கள் எல்லாம் வெளிப்படையானவை. ஆட்களின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன், அவர்கள் வகித்த பொறுப்பைச் சொன்னாலே கதை புரிந்துவிடும். பெயர் வந்தால் பேச்சு அவரைப் பிடிக்குமா பிடிக்காதா என்று போய்விடுகிறது, எடுத்த முடிவுகள் பின்னுக்குப் போய்விடுகின்றன.

பின்னணி: அந்த நேரத்தில் நகரம் எப்படி இருந்தது

1950 கணக்கெடுப்பில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டெட்ராய்டில் சுமார் 18.5 லட்சம் பேர் இருந்தார்கள். 2010-ல் அது 7.14 லட்சமாகச் சுருங்கியிருந்தது. ஆட்கள் போனாலும் நகரத்தின் பரப்பு போகவில்லை, ஏறக்குறைய 360 சதுர கிலோமீட்டர் அப்படியே இருந்தது. பதினெட்டு லட்சம் பேருக்காகப் போட்ட சாலை, குழாய், விளக்குக் கம்பம் எல்லாவற்றையும் ஏழு லட்சம் பேரின் வரியில் பராமரிக்க வேண்டும், அதோடு நகரம் பெரிதாக இருந்த காலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஓய்வூதியமும் கொடுக்க வேண்டும். இதற்கு மேல் கார்த் தொழிலின் சரிவு, வெள்ளையர்களும் பிறகு வசதி வந்த கறுப்பினத்தவர்களும் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தது, பல ஆண்டுகள் கடன் வாங்கிப் பற்றாக்குறையை மூடியது என்று காரணங்களைச் சொல்லிக்கொண்டே போகலாம்.

2013-ல் நகர நிர்வாகமே சொன்ன சில எண்கள் இவை: தெருவிளக்குகளில் ஏறக்குறைய 40 சதவீதம் எரியவில்லை. கைவிடப்பட்ட கட்டடங்கள் சுமார் 78,000. முதல் மூன்று மாதங்களில் ஆம்புலன்ஸ்களில் மூன்றில் ஒரு பங்குதான் ஓடும் நிலையில் இருந்தது. அவசர அழைப்புக்குப் போலீஸ் வந்து சேரச் சராசரியாக 58 நிமிடம் ஆனது. இந்த 58 நிமிடக் கணக்கு சரிதானா என்று பிறகு விவாதம் நடந்தது, ஆனால் காத்திருந்து பார்த்த குடிமக்கள் யாரும் அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

அரசியல் நிலைமை இன்னும் மோசம். முன்னாள் மேயர் ஒருவரை அந்த ஆண்டு மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் ஊழல் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது (அக்டோபரில் 28 ஆண்டு சிறைத்தண்டனை). அதே மார்ச்சில் மாநில ஆளுநர் நகரத்துக்கு நிதி நெருக்கடி என்று அறிவித்து ஓர் அவசரநிலை மேலாளரை நியமித்தார். அந்த மேலாளருக்கு மேயரையும் நகர்மன்றத்தையும் தாண்டி முடிவெடுக்கும் அதிகாரம் இருந்தது. அப்படிப்பட்ட மேலாளர்களுக்கு வழிசெய்த சட்டத்தை மிச்சிகன் மக்கள் 2012 நவம்பரில்தான் வாக்களித்து ரத்து செய்திருந்தார்கள், அடுத்த மாதமே சட்டமன்றம் அதே மாதிரி இன்னொரு சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. நம்முடைய வாக்குக்கு மதிப்பில்லை என்ற மனக்கசப்பு நகரம் முழுக்க இருந்தது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேட்பாளர்

நிற்க வந்தவர் அரசியலுக்குப் புதியவர் இல்லை. மாவட்ட நிர்வாகத்தில் இரண்டாம் நிலைப் பொறுப்பில் நீண்ட காலம் இருந்தவர், மாவட்டத் தலைமை அரசு வழக்கறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 2004 முதல் 2012 வரை நகரத்தின் பெரிய மருத்துவமனைக் குழுமம் ஒன்றை நடத்தினார். அவர் பொறுப்பேற்றபோது அது நட்டத்தில் மூழ்கியிருந்தது, அவர் காலத்தில் மீண்டது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரை 29 நிமிடத்துக்குள் மருத்துவர் பார்ப்பார் என்று அந்தக் குழுமம் உறுதி கொடுத்து விளம்பரம் செய்தது. போலீஸுக்கு 58 நிமிடம் காத்திருக்கும் ஊரில் இப்படிப்பட்ட ஒரு வேலையைச் செய்து காட்டியவர் என்பது சாதாரணத் தகுதி இல்லை.

பாதகங்களும் கனமாக இருந்தன. 80 சதவீதத்துக்கு மேல் கறுப்பினத்தவர்கள் வாழும் நகரத்தில் அவர் வெள்ளையர். 1974-க்குப் பிறகு அங்கே ஒரு வெள்ளையர் மேயராக இருந்ததே இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அவர் பல ஆண்டுகள் குடியிருந்தது பக்கத்துப் புறநகரில். மேயராக நிற்பதற்காகவே 2012-ல் நகரத்துக்குள் வீடு மாறினார். நகரத்தின் வடக்கு எல்லையாக ஓடும் எட்டாம் மைல் சாலையைத் தாண்டிப் போனவர்கள், தாண்டி வந்தவர்கள் என்ற கணக்கை அந்த ஊர்க்காரர்கள் மறப்பதே இல்லை. தொழிலதிபர்களின் பணம் அவருக்குப் பின்னால் இருந்ததும் எதிராளிகளுக்கு வசதியாகிவிட்டது.

அவருக்கு முக்கியப் போட்டியாளர் மாவட்ட ஷெரீஃப், அதாவது மாவட்டக் காவல் அதிகாரி. நகரத்தின் முன்னாள் போலீஸ் தலைவர், கறுப்பினத்தவர், ஊரில் பிறந்து வளர்ந்தவர். நகரத்தின் ஒவ்வொரு சதுர மைலுக்கும் ஒரு போலீஸ் அதிகாரியைப் பொறுப்பாக்குவேன் என்ற தெளிவான திட்டமும் வைத்திருந்தார். அதையும் எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

முதல் முடிவு: மேடைக்குப் போகாமல் வீட்டுக்குப் போவது

இந்தப் பாதகங்களை வைத்துக்கொண்டு எப்படிப் பிரசாரம் தொடங்குவது? ஊருக்குப் புதியவர் மேடை போட்டு ஒலிபெருக்கியில் பேசினால், வெளியூர்க்காரர் வந்து நமக்குப் பாடம் நடத்துகிறார் என்றுதான் கேட்பவர்களுக்குத் தோன்றும். அவர் எடுத்த முடிவு வேறு. யார் தன் வீட்டில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி அழைத்தாலும் போவேன் என்றார், போனார், தேர்தல் முடிவதற்குள் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போய்விட்டார்.

இந்த முறை நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். வீட்டுக்காரர்தான் கூட்டத்துக்குத் தலைவர். யாரை அழைப்பது என்று அவர் முடிவு செய்கிறார், நாற்காலி போதாவிட்டால் பக்கத்து வீட்டில் இரவல் வாங்குகிறார், வேட்பாளர் அங்கே ஒரு விருந்தாளி. விருந்தாளியாகப் போனவரால் கேள்வி கேட்பவரை மடக்க முடியாது, பாதியில் எழுந்து ஓட முடியாது, எதிரே மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவர் "நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள், எதற்கு வந்தீர்கள்" என்று கேட்டால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டும். அவருடைய நிறமும் முந்தைய முகவரியும் அந்த அறையில் உண்மையாகவே பேசப்பட வேண்டிய விஷயங்கள், அவற்றைப் பேசித் தீர்க்க இருபது முப்பது பேர் இருக்கும் ஓர் அறையைவிட நல்ல இடம் கிடையாது. கூட்டம் முடிந்த பிறகும் அந்த வீட்டுக்காரர் அந்தத் தெருவில்தான் இருக்கிறார். நாளைக்கு யாராவது "அந்த ஆள் எப்படி" என்று கேட்டால் பதில் சொல்லப்போவது அவர்தான்.

சொன்ன செய்தியும் இதற்குப் பொருந்தியது. அந்த ஆண்டுகளில் நகரத்தைச் சுருக்க வேண்டும், ஆளில்லாத பகுதிகளில் சேவைகளைக் குறைத்து மற்ற பகுதிகளைப் பலப்படுத்த வேண்டும் என்ற பேச்சு திட்டமிடுபவர்களிடம் பலமாக இருந்தது. கணக்குப்படி அதில் நியாயம் உண்டு. ஆனால் பாதி காலியான தெருவில் புல்லை வெட்டி வீட்டுக்கு வண்ணம் அடித்துக்கொண்டு இருக்கும் ஒரு பாட்டிக்கு அதன் பொருள் "நீங்கள் போய்விடுங்கள்" என்பதுதான். ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் எதிர்காலம் உண்டு என்பதை அவர் தன் முழக்கமாக எடுத்துக்கொண்டார். விளக்கு எரிய வேண்டும், போலீஸ் வர வேண்டும், காலி வீடுகளை இடிக்க வேண்டும் அல்லது ஆள் குடியேற்ற வேண்டும். அவசரநிலை மேலாளரைச் சீக்கிரம் அனுப்பிவைக்க வேண்டுமானால் நிர்வாகம் செய்யத் தெரிந்த மேயர் தேவை என்றும் சொன்னார்.

இந்தக் கட்டத்தில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தன் பலவீனம் எங்கே இருக்கிறதோ அங்கேயே போய் உட்கார்ந்தது சரியான முடிவு.

இரண்டாவது முடிவு: ஏப்ரல் 2

அவர் டெட்ராய்டின் வாக்காளராகப் பதிவு செய்தது 2012 ஏப்ரல் 16. வேட்புமனுவைத் தாக்கல் செய்தது 2013 ஏப்ரல் 2. மனு கொடுக்கக் கடைசி நாள் மே 14.

நகரத்தின் அடிப்படைச் சட்டமான நகர சாசனம் சொன்னது இது: பதவிக்கு நிற்பவர் மனுத் தாக்கல் செய்யும் நேரத்தில் ஓராண்டு காலம் நகரவாசியாகவும் பதிவு செய்த வாக்காளராகவும் இருந்திருக்க வேண்டும். ஏப்ரல் 2 அன்று அவருக்கு ஓராண்டு ஆக இரண்டு வாரம் பாக்கி இருந்தது. ஏப்ரல் 16 தாண்டிக் கொடுத்திருந்தால் பிரச்சினையே கிடையாது.

மனுவுக்குத் தேவையான வாக்காளர் கையெழுத்துகள் சேர்ந்துவிட்டன, குழு உற்சாகமாக இருக்கிறது, முதலில் போய்க் கொடுத்தால் நாம் தயார் என்று ஊருக்குத் தெரியும். இந்த ஆசை எல்லாப் பிரசாரக் குழுவுக்கும் வரும், இங்கேயும் அதுதான் வேலை செய்திருக்கும் என்று நினைக்கிறேன். சட்டத்தை அவர்கள் படிக்காமல் இல்லை. மனுத் தாக்கல் செய்யும் நேரம் என்றால் தாக்கலுக்கான கடைசி நாள் என்று பொருள் எடுத்துக்கொண்டார்கள், அப்படிப் பார்த்தால் மே 14 அன்று அவருக்கு ஓராண்டு தாண்டியிருக்கும். வாதத்தில் அபத்தம் ஒன்றுமில்லை, பின்னால் மேல்முறையீட்டில் ஒரு நீதிபதி அவர் பக்கம் நின்றார்.

ஆனால் அந்த வாசகத்தை நண்பன் கண்ணோடு படித்தார்கள். எதிரி எப்படிப் படிப்பான் என்று யாராவது ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். இரண்டு விதமாகப் படிக்க முடிகிற ஒரு வாக்கியம், இரண்டில் ஒரு விதத்தில் நாம் காலி, இரண்டு வாரம் காத்திருந்தால் எந்த விதத்திலும் நாம் பத்திரம், காத்திருப்பதால் எந்த நட்டமும் இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வழக்கு

போட்டியில் இருந்த இன்னொரு வேட்பாளர் ஆட்சேபணை எழுப்பினார். நகரத் தேர்தல் குழு பெரும்பான்மை முடிவில் இவர் பெயரை அனுமதித்தது. விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூன் 11 அன்று மாவட்ட நீதிமன்ற நீதிபதி, தாக்கல் செய்யும் நேரம் என்றால் தாக்கல் செய்த நேரம்தான் என்று சொல்லிப் பெயரை நீக்கினார். ஒரு வாரத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை உறுதி செய்தது.

அவர் ஆதரவாளர்களுக்கு ஆத்திரம், அது இயல்பு. ஆனால் எனக்கு அந்தத் தீர்ப்பில் அநியாயம் தெரியவில்லை. அந்த சாசனம் 2011 நவம்பரில் நகர மக்களே வாக்களித்து ஏற்றுக்கொண்டது. வெளியிலிருந்து வந்து நேராக மேயர் நாற்காலியில் உட்காரக்கூடாது, ஓராண்டாவது இங்கே வாழ்ந்து பார் என்பதுதான் அந்த விதியின் உள்ளர்த்தம். வெளியிலிருந்து வந்தவர் என்ற குற்றச்சாட்டைச் சுமந்துகொண்டிருந்த ஒருவர் இடறி விழக்கூடாத விதி எது என்றால் அதுதான். பதினான்கு நாள்தானே என்று சொல்லலாம். அந்தப் பதினான்கு நாளும் அவருடைய மிகப் பெரிய பலவீனத்தின் மேலேயே போய் உட்கார்ந்தன.

விலகினார், திரும்பி வந்தார்

மாநில உச்ச நீதிமன்றத்துக்கு அவர் போகவில்லை. வாக்குச்சீட்டு அச்சடிக்கும் நேரம் நெருங்கிவிட்டது, வழக்கு இழுத்தால் எல்லாருக்கும் குழப்பம். பிரசாரத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தார்.

வழக்கமாக இங்கே கதை முடிந்துவிடும். அங்கே ஒரு வழி பாக்கி இருந்தது. வாக்குச்சீட்டில் அச்சிட்ட பெயர்களுக்குக் கீழே ஒரு வெற்றுக் கோடு இருக்கும், அச்சில் இல்லாத ஒருவரின் பெயரை வாக்காளர் தன் கையால் அதில் எழுதலாம். இதை ரைட்-இன் என்பார்கள். இப்படி நின்று பெரிய பதவிக்கு ஜெயிப்பது அபூர்வம். நில்லுங்கள், நாங்கள் எழுதுகிறோம் என்று ஆதரவாளர்கள் வற்புறுத்தினார்கள். சில நாட்கள் கழித்து அவர் சரி என்றார். முதற்கட்டத் தேர்தல் ஆகஸ்ட் 6. கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல், முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நவம்பரில் மோதுவார்கள்.

இதற்கிடையில் ஜூலை 18 அன்று நகரம் திவால் மனு கொடுத்தது. கடன் 1,800 கோடி முதல் 2,000 கோடி டாலர் வரை என்று மதிப்பிட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் அதுவரை எந்த நகரமும் அவ்வளவு பெரிய தொகைக்குத் திவாலானதில்லை. மேயர் பதவிக்கு அதிகாரமே இல்லாத நேரம், நகரம் நீதிமன்றத்தில் நிற்கிறது, அச்சில் பெயரே இல்லாத ஒருவர் வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போகிறார்.

வெற்றுக் கோடு

இந்தக் கட்டத்தில் பிரசாரத்தின் வேலையே மாறிவிட்டது. எதற்கு இவருக்குப் போட வேண்டும் என்று சொல்வது பாதி, எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது மீதி. வாக்காளர் இரண்டு காரியம் செய்ய வேண்டும்: வெற்றுக் கோட்டில் பெயரை எழுத வேண்டும், அதன் பக்கத்தில் உள்ள சின்ன நீள்வட்டத்தையும் கறுப்பாக நிரப்ப வேண்டும். நீள்வட்டத்தை நிரப்பாவிட்டால் இயந்திரத்துக்கு அங்கே ஒரு வாக்கு இருப்பதே தெரியாது. கண்ணாடி மறந்து வந்த பெரியவர், எழுத்து நடுங்கும் கை, எழுத்துக்கூட்டல் சந்தேகம் என்று எத்தனை இடத்தில் நழுவலாம் என்று நினைத்துப் பாருங்கள்.

போதாக்குறைக்கு, ஏறக்குறைய அதே உச்சரிப்பில் பெயர் உள்ள, இதற்கு முன் தேர்தல் பக்கமே வராத ஒருவர் கடைசி நேரத்தில் தானும் எழுதிப்போடும் வேட்பாளர் என்று பதிவு செய்தார். இனிமேல் எழுத்துப்பிழை வந்தால் வாக்கு யாருக்கு என்ற கேள்வி வரும்.

வீட்டுக் கூட்டங்களின் பலன் இங்கேதான் தெரிந்தது. மேடையில் பார்த்தவர் பெயரை மறந்துவிடலாம், நம் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்து பேசியவர் பெயரை எழுதச் சொன்னால் எழுதிவிடுவோம். அதோடு ஒவ்வொரு தெருவிலும் ஏற்கெனவே ஒரு வீட்டுக்காரர் இருக்கிறார், அவர் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத் தபால் வாக்குச்சீட்டில் எந்த இடத்தில் எழுதுவது என்று மாதிரித் தாளில் காட்டிக்கொடுக்க முடியும். தொலைக்காட்சி விளம்பரத்துக்கும் பணம் இருந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை, வெறும் வீட்டுக் கூட்டத்தால் மட்டும் இது நடந்திருக்காது. இருந்தாலும் விளம்பரம் சொல்லிக்கொடுத்த பாடத்தைத் தெருவில் மறுபடி சொல்ல ஆள் இருந்தது பெரிய விஷயம்.

இன்னொன்றும் உண்டு என்று நான் நம்புகிறேன். வாக்குப்போட்டு ரத்து செய்த சட்டம் வேறு உருவத்தில் திரும்பி வந்தது, தேர்ந்தெடுத்த மேயருக்கு மேலே நியமித்த ஒருவர் உட்கார்ந்தார். அப்படிப்பட்ட ஊரில், அச்சில் இல்லாத பெயரை என் கையால் எழுதுகிறேன் என்பதில் ஒரு பிடிவாதம் இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 6 இரவு, பதிவான வாக்குகளில் பாதிக்கு அருகில் அவர் பெயர் எழுதப்பட்டிருந்தது. ஷெரீஃப் சுமார் 30 சதவீதத்தோடு இரண்டாமிடம். அந்த ஒத்த உச்சரிப்புக்காரரால் பெரிய பாதிப்பு வரவில்லை.

ஐந்து கோடுகள்

அத்தோடும் முடியவில்லை. கையால் எழுதிய வாக்குகளைக் கையால்தான் எண்ண வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு: எண்ணிக்கைத் தாளில் பெயருக்கு நேரே வாக்குக்கு ஒரு கோடு, நான்கு கோட்டின் மேல் ஐந்தாவது குறுக்கே, பிறகு கூட்டுத்தொகை. சில வாக்குச்சாவடிகளில் ஊழியர்கள் கோடு போடாமல் நேராக மொத்த எண்ணை எழுதிவிட்டார்கள். இப்படிச் சுமார் 18,000 வாக்குகள். விதிப்படி இவை செல்லுமா என்று சந்தேகம் வந்து, மாவட்டச் சரிபார்ப்புக் குழு முடிவை உறுதி செய்ய மறுத்தது. அவற்றைத் தள்ளிவிட்டால் ஷெரீஃப் முதலிடத்துக்கு வந்துவிடுவார்.

எப்படி எண்ணினாலும் நவம்பரில் மோதப்போவது அந்த இருவர்தான், அது மாறாது. ஆனாலும் பதினெட்டாயிரம் பேர் சரியாக எழுதி, சரியாக நிரப்பி, ஊழியர் கோடு போடாததால் அவர்கள் வாக்கு குப்பைக்குப் போவதா? மாநிலச் சரிபார்ப்புக் குழு விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, செப்டம்பரில் அந்த வாக்குகளும் செல்லும் என்று அவருக்கு முதலிடத்தை உறுதி செய்தது.

நவம்பரும் அதற்குப் பிறகும்

நவம்பர் 5 தேர்தலில் இந்த முறை அவர் பெயர் அச்சில் இருந்தது. ஏறக்குறைய 55 சதவீதம், எதிராளிக்கு 45. வாக்களிக்க வந்தவர்கள் பதிவு செய்தவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்குத்தான், அதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

வெற்றி பெற்றவர் கையில் அதிகாரம் இல்லை. டிசம்பரில் அவசரநிலை மேலாளரோடு பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்: அன்றாட நிர்வாகம் மேயருக்கு, போலீஸும் நிதியும் மேலாளருக்கு. மொத்தமாக எதிர்த்துப் போராடியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும், விளக்கு எரிந்திருக்காது. பதவியேற்ற புதிதில், ஊரை விட்டுப் போக நினைப்பவர்கள் ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். 2014 செப்டம்பரில் அன்றாட அதிகாரங்கள் மேயருக்கும் நகர்மன்றத்துக்கும் திரும்பின, டிசம்பர் 10 அன்று நகரம் திவால் நிலையிலிருந்து வெளியே வந்தது. 2016 டிசம்பரில் 65,000 புதிய எல்.ஈ.டி. தெருவிளக்குகள் போட்டு முடிந்தன. அவர் 2017-லும் 2021-லும் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். 2024-ல் வெளியான மதிப்பீட்டில், 1957-க்குப் பிறகு முதல் முறையாக நகரத்தின் மக்கள்தொகை கொஞ்சம் ஏறியிருந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2014 கோடையில் கட்டணம் கட்ட முடியாத ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தண்ணீர் துண்டிக்கப்பட்டது. அதை நடத்தியது மேலாளரின் கீழ் இருந்த துறைதான், ஆனால் ஜூலை இறுதியில் அந்தப் பொறுப்பு மேயரிடம் வந்த பிறகும் துண்டிப்பு நின்றுபோகவில்லை. காலி வீடுகளை இடிக்கும் திட்டத்தைக் கூட்டாட்சி அதிகாரிகள் விசாரித்தார்கள், 2016-ல் இரண்டு மாதம் அந்த நிதியே நிறுத்தப்பட்டது. எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது சொத்து வரி. 2010 முதல் 2016 வரை வீடுகளின் மதிப்பைக் கூட்டிப் போட்டதில் குறைந்தது 60 கோடி டாலர் அதிகம் வசூலானதாக உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று கணக்கிட்டது. அந்தப் பழக்கம் இவருக்கு முன்பே தொடங்கியது, நகரம் முழுக்க மறுமதிப்பீடு முடிந்தது 2017 தொடக்கத்தில். அதற்குள் வரி கட்ட முடியாமல் வீட்டை இழந்தவர்கள் ஏராளம்.

எதை மாற்றிச் செய்யலாம்

வீட்டுக் கூட்டங்களைத் தேர்தலோடு நிறுத்தக்கூடாது. வாக்குக் கேட்டுப் போன அதே வரவேற்பறைக்கு வரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தால், சொத்து வரி விஷயம் அவ்வளவு காலம் இழுத்திருக்காது என்று நினைக்கிறேன். விளக்கு எரியவில்லை என்பது தெருவில் போகிறவனுக்கும் தெரியும். வரி அதிகம் என்பது வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால்தான் தெரியும்.

எழுதிப்போடும் வாக்கை நம்பிப் போகிற பிரசாரம், வாக்காளருக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பதோடு தன் முகவர்களுக்கு எண்ணும் முறையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஊழியர் கோடு போடவில்லை என்பதை அன்றிரவே மேசை அருகில் நின்று ஒருவர் சொல்லியிருந்தால், அது அங்கேயே சரியாகியிருக்கும். தேர்தல் அலுவலகத்துக்கும் இது பொருந்தும்: கையால் எழுதிய வாக்கு இத்தனை வரப்போகிறது என்று ஜூலையிலேயே ஊருக்கெல்லாம் தெரியும், ஊழியர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி கூடுதலாகக் கொடுத்திருக்கலாம்.

அப்புறம் அந்த ஏப்ரல் 2. பிரசாரக் குழுவில் ஒருவருக்கு ஒரே வேலை கொடுங்கள்: நம்மைத் தோற்கடிக்க நினைப்பவனாக உட்கார்ந்து எல்லா விதியையும், எல்லாத் தேதியையும் படிக்க வேண்டும், அவர் சரி என்று சொல்லாமல் எந்தத் தாளும் அலுவலகத்தை விட்டு வெளியே போகக்கூடாது. டெட்ராய்டில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் மனு இழுப்பறையிலேயே கிடந்து ஏப்ரல் 17 காலையில் போயிருக்கும். மே 14-க்கு அப்போதும் 27 நாள் மிச்சம்.